திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியும் (1892–1975)

திருவள்ளூர் மாவட்டத்தின் திருவாலங்காட்டில் 1905-இல் முதலாம் ராஜேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள். சோழ முத்திரை பதித்த வளையத்தில் கோத்தவை. பக்கத்து ஊரான பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடையாக அளித்ததே செய்தி. ஆனால் அதைச் சொல்லும் சாக்கில் வடமொழிப் பகுதி சோழர் குலவரிசையையும் கங்கை, கடாரம் வரை சென்ற படையெடுப்புகளையும் பாடிவிடுகிறது. வரலாற்றாசிரியருக்கு அதுவே புதையல்.

அப்புதையலைப் பயன்படுத்திச் சோழர் வரலாற்றைக் கோவையாக எழுதியவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி. 1892-இல் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். திருநெல்வேலியிலும் காசியிலும் கற்பித்தபின், சிதம்பரம் மீனாட்சி கல்லூரியின் முதல்வரானார். அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக 1929-இல் வளர்ந்தது அக்கல்லூரிதான். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு, தொல்லியல் பேராசிரியர் பொறுப்பை ஏற்று, 1946-இல் ஓய்வுபெறும்வரை அங்கே பணியாற்றினார்.

பாண்டியர் பற்றிய நூல் 1929-இல் வந்தது. 1935-இலும் 1937-இலும் இரு தொகுதிகளாக வெளிவந்த சோழர் வரலாறு அவருடைய முதன்மையான நூல். அரசர் வரிசையோடு நில்லாமல் ஊர்ச்சபை, வரி, நிலம், கோயில் நிர்வாகம் எனக் கல்வெட்டுகளின் துணையோடு விரியும் நூல் அது. இன்றும் சோழரைப் படிக்கப் புகுவோர் அதைத் தாண்டிச் செல்ல முடியாது. தென்னிந்திய வரலாறு 1955-இல் வெளியானது. 1957-இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

செப்பேடுகள் இப்போது சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன.