காயலான் கடையில் ஓர் ஆம்ப்ளிஃபையர்

காயலான் கடையில் வாயடைத்துக் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனக்கும். அந்தக் கனம்தான் நமக்கு வேண்டிய சரக்கு.

ஆம்ப்ளிஃபையருக்கு மதகுக்காரர் வேலை. ஏரித் தண்ணீரை அவர் உண்டாக்குவதில்லை. பலகையைச் சற்றே ஏற்றி இறக்குகிறார், வாய்க்காலில் வெள்ளம் கூடிக் குறைகிறது. செல்போனிலிருந்து வரும் மெல்லிய சிக்னல் அந்தப் பலகையை அசைக்கும் கை. ஸ்பீக்கரை அதிரவைக்கும் மின்சாரமோ பவர் சப்ளை என்னும் ஏரியிலிருந்து வருவது.

புதிதாக வாங்கினால் காசைத் தின்பது அந்த ஏரிதான். இரும்பும் செம்புமான டிரான்ஸ்பார்மர், அலுமினிய ஹீட் சிங்க் இரண்டும் எளிதில் கெடாதவை. பழைய பெட்டியில் எடை விலைக்குக் கிடைத்துவிடும். மதகும் பல சமயம் அதற்குள்ளேயே இருக்கும்: டிடிஏ 2030 என்று முதுகில் எழுதிய, ஐந்து கால் ஐ.சி. நான்கு ஓம் ஸ்பீக்கரில் ஏறக்குறைய 14 வாட் தரும். ஓர் அறைக்கு இதுவே தாராளம்.

டிரான்ஸ்பார்மரை மல்டிமீட்டரால் அளந்த பிறகே பயன்படுத்துங்கள். 12-0-12 என்றால் பிரிட்ஜ் டயோடைத் தாண்டி பிளஸ் பக்கம் சுமார் 16 வோல்ட், மைனஸ் பக்கம் அதே அளவு கிடைக்கும். இந்த ஐ.சி. தாங்குவது 18 வரைதான். ‘கொஞ்சம் கூட இருக்கட்டுமே’ என்று 15-0-15 போட்டால் 20-ஐத் தாண்டும், ஐ.சி. போய்விடும். எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை இரண்டு ரெசிஸ்டர்கள் தீர்மானிக்கின்றன. 22 கிலோ ஓம், 680 ஓம் ஜோடி போட்டால் சுமார் 33 மடங்கு.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஐ.சி.யின் உலோக முதுகு, மைனஸ் சப்ளை வரும் மூன்றாம் காலோடு உள்ளுக்குள் இணைந்திருக்கிறது. அதை அப்படியே ஹீட் சிங்கில் முடுக்கி, ஹீட் சிங்க் கிரவுண்டில் பட்டால் ஷார்ட். இடையில் மைக்கா தகடும், திருகுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் கட்டாயம்.

பழசில் எடுக்கக் கூடாத பொருள் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர். உள்ளே இருக்கும் திரவம் வருஷக் கணக்கில் காய்ந்துவிடும். சிலவற்றின் தலை உப்பிக் காட்டிக்கொடுக்கும், சில காட்டாது. பிரிட்ஜிலிருந்து மின்சாரம் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கி வருகிறது. அந்தப் பள்ளங்களை நிரப்புவது இந்தக் கண்டென்சர். அது காய்ந்தால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஹம்மிங் கேட்கும். ஆகவே 2200 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் கண்டென்சர் இரண்டைப் புதிதாகவே வாங்குங்கள்.

230 வோல்ட் பக்கம் ஃபியூஸ் வேண்டும். வெறும் கம்பி எங்கும் தெரியக் கூடாது. முதல் தடவை நேரடியாக பிளக்கில் செருகாமல், மெக்கானிக்குகள் செய்வதுபோல 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே இருந்தால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். ஒரு கணம் மின்னி அடங்கினால் கண்டென்சர்கள் நிரம்பிவிட்டன என்று பொருள்.

இப்போது ஆம்ப்பின் இன்புட் ஒயரை விரலால் தொடுங்கள். ஸ்பீக்கர் ‘ட்ர்ர்’ என்று உறுமும். வீட்டு ஒயரிங்கிலிருந்து உங்கள் உடம்பு ஏந்தி வந்த சிறு சலனம் அது. மதகு திறந்துவிட்டது, இனி பாட்டைப் போடலாம்.