‘நம்பர் டபுள் ஆகலையே...’ கர்ப்பகால ஹார்மோன் ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

இரவு பதினொரு மணி. அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு பி.டி.எஃப், கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். “ஏண்டி, நம்பர் டபுள் ஆகலைடி. கூகுள்ல போட்டுப் பார்த்தேன். கரு நிக்காதுன்னு வருது.” அழுதுகொண்டே பேசியிருந்தாள்.

அக்காவுக்குச் சொந்த ஊர் பாரூர். வேலை ஓசூர் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில். வார நாள்களில் ஓசூரில் வாடகை வீடு, லீவு கிடைத்தால் பாரூர். மாமாவுக்கு பெங்களூரில் வேலை. நாள் தள்ளிப்போய், கார்டு டெஸ்ட்டில் இரண்டு கோடு வந்ததும், ஓசூரில் ஒரு லேபில் ‘பீட்டா ஹெச்.சி.ஜி’ ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறாள். 412 என்று வந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து பெங்களூரில் வேறு ஒரு லேபில் மறுபடியும் எடுத்ததில் 640. ‘48 மணி நேரத்தில் இரண்டு மடங்கு ஆக வேண்டும்’ என்று எங்கோ படித்தவளுக்கு 824 வராததே தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

ஹெல்த் செய்திகள் எழுதுகிற எனக்கே அன்றிரவு பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் படித்ததும், மருத்துவர்களிடம் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

ஹெச்.சி.ஜி என்றால் என்ன?

கரு கர்ப்பப்பையில் ஒட்டிக்கொண்டதும், பின்னால் நச்சுக்கொடியாக வளரப்போகிற செல்கள் சுரக்கிற ஹார்மோன் இது. ‘நான் வந்துவிட்டேன், மாதவிடாயை நிறுத்து’ என்று அம்மாவின் உடம்புக்குப் போகிற தகவல் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் செய்கிற கார்டு டெஸ்ட், இந்த ஹார்மோன் சிறுநீரில் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது ரத்தப் பரிசோதனை.

அதென்ன ‘பீட்டா’? இந்த ஹார்மோனுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு பாகங்கள். ஆல்ஃபா பாகம், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.ஹெச் உள்பட வேறு சில ஹார்மோன்களிலும் அப்படியே இருக்கிறது. பீட்டா மட்டும்தான் தனி. அதை மட்டும் பிரித்து அளக்கும் முறையை 1972-ல் அமெரிக்காவில் ஜூடித் வைட்டுகைட்டிஸ் குழுவினர் கொண்டுவந்தார்கள். அதற்குப் பல வருடங்களுக்கு முன்பு, பெண்ணின் சிறுநீரை எலிக்கும் முயலுக்கும் ஊசி போட்டுத்தான் கர்ப்பத்தை உறுதி செய்தார்களாம். பாவம் அந்த முயல்கள்!

ஒரே எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது

இணையத்தில் பரவலாகக் கிடைக்கிற ஓர் அட்டவணையைப் பாருங்கள். கடைசி மாதவிடாயிலிருந்து ஐந்தாவது வாரத்துக்கு 18 முதல் 7,340 வரை ‘நார்மல்’ என்று போட்டிருக்கும். 18 எங்கே, 7,340 எங்கே! அக்காவின் 412-ம் அதற்குள்தான் வருகிறது. தோழிக்கு 3,000 இருந்தது, எனக்கு 400-தான் என்று ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. தவிர, மாதவிடாய் ஒழுங்காக வராதவர்களுக்கும், ஷிஃப்ட் வேலையில் தேதியே மறந்துபோகிறவர்களுக்கும் ‘ஐந்தாவது வாரம்’ என்ற கணக்கே தப்பாக இருக்கலாம்.

மருத்துவர்கள் பார்ப்பது இரண்டு நாள் இடைவெளியில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை. அங்கேயும் ‘டபுள்’ கட்டாயமில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, முதல் அளவு 1,500-க்குக் கீழே இருந்தால் 48 மணி நேரத்தில் குறைந்தது 49 சதவிகிதம் ஏறினால் போதும். 1,500 முதல் 3,000 வரை என்றால் 40 சதவிகிதம். அதற்கு மேல் என்றால் 33 சதவிகிதம். 412-லிருந்து 640 என்பது 55 சதவிகித ஏற்றம். அக்கா அழுததற்கு அவசியமே இல்லை.

இதில் அவள் செய்த தவறு ஒன்று உண்டு. நம் எல்லைப் பகுதியில் இது ரொம்ப சகஜம். காலையில் ஓசூர், மாலையில் பெங்களூர். ஆனால், ஒவ்வொரு லேபின் இயந்திரமும் ரசாயனமும் வேறு வேறு. ஒரே ரத்தத்தை இரண்டு இடத்தில் கொடுத்தாலே எண் மாறும். அதனால் முதல் டெஸ்ட் எங்கேயோ, இரண்டாவதும் அங்கேயே எடுக்க வேண்டும்.

இன்னொரு பயமும் பலருக்கு வருகிறது. எட்டு முதல் பதினோரு வாரங்களுக்குள் உச்சத்துக்குப் போகிற இந்த ஹார்மோன், அப்புறம் தானாகவே இறங்கும். மூன்றாம் மாத முடிவில் ‘குறைஞ்சிடுச்சே’ என்று பதற வேண்டாம். ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்த பிறகு, பொதுவாக இந்த எண்ணைத் துரத்த வேண்டிய தேவையே இல்லை.

எப்போது உண்மையிலேயே பயப்பட வேண்டும்?

அளவு மிக மெதுவாக ஏறினாலோ, ஏறாமல் நின்றாலோ, கரு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், தங்கியிருக்க வாய்ப்புண்டு. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, ரத்தக்கசிவு, தலைச்சுற்றல், தோள்பட்டை நுனியில் வலி... இவற்றில் எது வந்தாலும் அடுத்த ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ‘நம்பர் நல்லாத்தானே ஏறுது’ என்றும் இருந்துவிடாதீர்கள். சில சமயம் கருக்குழாய்க் கர்ப்பத்திலும் எண் ஒழுங்காகவே ஏறும். அதை ஸ்கேன்தான் காட்டிக்கொடுக்கும்.

மறுநாள் காலை அக்காவைப் பார்த்த மருத்துவரும் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் கேட்டது இதைத்தான்: “வலி இருக்கா? எந்தப் பக்கம்?” இல்லை என்றதும், ஏழாவது வாரம் ஸ்கேனுக்கு வரச் சொல்லி அனுப்பினார்.

புரொஜெஸ்ட்ரோன் குறைவா?

இந்த ஹார்மோன் ஒரே நாளில் மணிக்கு மணி ஏறி இறங்கும். அதனால் ஒருமுறை எடுத்த அளவை வைத்து எல்லோருக்கும் ஊசி, மாத்திரை என்பது சரியல்ல. பிரிட்டனில் 4,153 பெண்களிடம் நடந்து, 2019-ல் வெளியான ‘பிரிசம்’ ஆய்வில், ஆரம்ப ரத்தக்கசிவு இருந்த எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தபோது இந்த மருந்தால் பெரிய பலன் தெரியவில்லை. ஏற்கெனவே கருச்சிதைவும் ஆகி, இப்போது கசிவும் இருக்கிறவர்களுக்குத்தான் பலன் தெரிந்தது. ‘எனக்கு இது எதுக்கு டாக்டர்?’ என்று கேட்கலாம், தப்பில்லை.

நாம் கவனிக்காமல் விடுகிற எண்

இவ்வளவு கலவரத்தில் அக்கா ஒரு வரியைப் பார்க்கவே இல்லை. டி.எஸ்.ஹெச் 4.8. மருத்துவர் வட்டம் போட்டது அதில்தான்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் குழந்தை அம்மாவின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. அதன் மூளை வளர்ச்சிக்கு அது தேவை. ஹெச்.சி.ஜி-யும் தைராய்டைக் கொஞ்சம் தூண்டுவதால், இந்தச் சமயத்தில் டி.எஸ்.ஹெச் வழக்கத்தைவிடக் குறைந்துதான் இருக்கும். லேப் ரிப்போர்ட்டில் அச்சாகிற ‘நார்மல்’ அளவோ, பெரும்பாலும் கர்ப்பமாக இல்லாதவர்களுக்கானது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் முதல் மூன்று மாதத்துக்கு 2.5, அதற்குப் பிறகு 3 என்று உச்ச வரம்பு வைத்தது. அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2017-ல், அந்தந்த ஊருக்கான அளவு இல்லாத இடங்களில் ஏறக்குறைய 4 வரை போகலாம் என்றது. இடையில் இருப்பவர்களுக்கு மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அக்காவின் 4.8 இரண்டு கணக்கிலும் அதிகம்.

மாத்திரை ஆரம்பித்ததும் இறங்கியது. நாலாவது மாதம் திடீரென்று மறுபடி ஏறியது. காரணம் தேடினால், கிராம சுகாதார செவிலியர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் ஒன்றாகவே விழுங்கியிருக்கிறாள், அதுவும் டீயோடு! இரும்பும் கால்சியமும் தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாது. இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. டீ, காபி அரை மணி நேரமாவது கழித்து. இரும்பு மாத்திரையை இரவுக்கு மாற்றியதும் அடுத்த டெஸ்ட்டில் எண் இறங்கிவிட்டது.

இன்னொன்றும் காதில் விழுந்தது. ஹெச்.சி.ஜி அதிகம் என்றால் பெண் குழந்தையாம். ஒருவரின் எண்ணை வைத்து அதைச் சொல்லவே முடியாது. எந்த வழியில் பாலினம் கண்டுபிடித்துச் சொல்வதும் 1994-ம் வருடச் சட்டப்படி குற்றம்.

அரசு மருத்துவமனைகளில் ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. போகும்போது கடைசி மாதவிடாய்த் தேதி, எல்லா ரிப்போர்ட்டும், சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

ஏழாவது வார ஸ்கேன் அன்றும் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. இந்த முறை வாய்ஸ் மெசேஜில் அவள் குரல் இல்லை. ‘டப் டப் டப்’ என்று வேகமாக ஒரு சத்தம் மட்டும்.