கதவு தட்டும் பிள்ளைகள்



சிங்கப்பூர் போன்ற பெரிய பட்டணங்களுக்குப் போய்வந்தவர்கள் அவர்களைப் பார்த்திருக்கலாம். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, நெஞ்சில் கறுப்பு நிறப் பெயர் அட்டை. எப்போதும் இருவராகவே போவார்கள். முகத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தை விட்டு நேற்றுத்தான் வெளியே வந்தவர்கள் போல இருக்கும். "யார் பெற்ற பிள்ளைகளோ! இந்த வெயிலில் ஏன் அலைகிறார்கள்? என்ன சம்பளம் கிடைக்கும்?" என்று நம் தாய்மார்கள் கேட்பதுண்டு.

அவர்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் ஊழியர்கள். 1830-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய சபை அது. தலைமையகம் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரில் இருக்கிறது. 'மோர்மன் புத்தகம்' என்ற நூலையும் அவர்கள் வேதமாகக் கொள்வதால் ஊரார் அவர்களை மோர்மன்கள் என்றே அழைத்து வந்தார்கள். 2018-ஆம் ஆண்டு முதல் முழுப் பெயரைச் சொல்லும்படி சபைத் தலைவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

அவர்களுடைய மதத்தைப் பரப்பவோ பழிக்கவோ இதை எழுதவில்லை. 18, 19 வயதுப் பிள்ளை ஒருவன், தாய் தந்தையை விட்டு, மொழி தெரியாத நாட்டில் எப்படி நாளைக் கழிக்கிறான்? பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்து நிற்கும் பெற்றோர்களுக்கு இது பயன்படும் என்று தோன்றியது. எடுத்துக்காட்டாக, ஜப்பானுக்குப் போகும் பிள்ளைகளைப் பார்ப்போம்.

சம்பளம் இல்லாத வேலை

முதலில் சம்பளக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சம்பளம் ஒரு காசும் இல்லை. ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டு, பெண் பிள்ளைகளுக்கு 18 மாதம் ஊழியம். செலவுக்கான பணத்தை அவர்களும் குடும்பமும்தான் கட்ட வேண்டும். அமெரிக்கப் பிள்ளை எந்த நாட்டுக்குப் போனாலும் மாதம் 500 அமெரிக்க வெள்ளி என்று 2020-ஆம் ஆண்டில் வைத்தார்கள். சிறு வயது முதலே உண்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. புல் வெட்டியும் கடையில் வேலை செய்தும் சேர்ப்பவர்கள் உண்டு. ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குச் சபை நிதி கைகொடுக்கிறது.

எந்த நாட்டுக்குப் போவது என்பதும் பிள்ளையின் விருப்பமல்ல. தலைமையகத்திலிருந்து அழைப்பு வரும். அதில் ஜப்பான் என்றிருந்தால் ஜப்பான்தான். யூட்டாவில் புரோவோ என்னும் ஊரில் உள்ள பயிற்சி நிலையத்தில் சில வாரங்கள் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள். சில வாரங்களில் அந்த மொழி எவ்வளவு வரும்? விமானத்தை விட்டு இறங்கியதும், தான் படித்தது வேறு, இவர்கள் பேசுவது வேறு என்று திகைத்துப் போவான்.

காலை 6:30 மணி

பெரட்டுக்கு எழுந்து பழகிய நமக்கு 6:30 மணி அதிகாலை அல்ல. அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் விழிக்கும் நேரம். ஜப்பானிய வழக்கப்படி தரையில் மெத்தை விரித்துப் படுப்பவர்கள், நாம் பாயைச் சுருட்டுவதுபோல அதை மடித்து அலமாரியில் வைப்பார்கள். பிறகு தேகப்பயிற்சி, குளியல், பசியாறுதல், வேதம் படித்தல், மொழிப் பாடம். பத்து மணி வாக்கில் வெளியே கிளம்பினால் இரவு ஒன்பது மணிக்குத் திரும்புவார்கள். 10:30 மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு முதல், இடத்துக்கு ஏற்ப இந்த அட்டவணையைச் சிறிது மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு.

சமையல், கூட்டுதல், துவைத்தல் எல்லாம் அவர்களே. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும் சாமான் வாங்கவும் ஒதுக்கப்படும். அம்மா கையால் சாப்பிட்ட பிள்ளை, அந்நிய நாட்டுக் கடையில் எது உப்பு எது சீனி என்று எழுத்துக் கூட்டிப் படிக்கும்போதுதான் வீட்டின் அருமையை உணர்கிறான்.

கதவும் தேத்தண்ணீரும்

ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருக்கிறார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு வீட்டு மணியை அழுத்தினால், உள்ளிருந்து ஒரு மரியாதையான குரல், "கெக்கோ தெசு" என்று சொல்லும். 'வேண்டாம்' என்பதைப் பணிவாகச் சொல்லும் முறை அது. அடுத்த வீட்டிலும் அதே சொல்தான். வடக்கே சப்போரோ பக்கம் குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்ட முடியாது. பனியில் நடந்து போய் அதே சொல்லைக் கேட்க வேண்டும்.

அபூர்வமாக ஒரு கதவு திறந்தால், அங்கே இன்னொரு சோதனை. ஜப்பானியர் விருந்தாளிக்குப் பச்சைத் தேத்தண்ணீர் கொடுப்பார்கள். இந்தச் சபையாருக்கோ தேத்தண்ணீர், கோப்பி, மது, புகையிலை எல்லாம் விலக்கு. 1833-ஆம் ஆண்டு முதல் இருக்கும் நெறி அது. அன்போடு நீட்டுகிற கோப்பையை மனம் நோகாமல் மறுக்க வேண்டும். வறுத்த வாற்கோதுமையில் வடிக்கும் 'முகிச்சா' என்ற பானம் கிடைத்தால் நிம்மதியாகக் குடிப்பார்கள்.

கதவு தட்டுவது மட்டும் வேலையல்ல. ஊர் மக்களுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார்கள். இப்போது கைப்பேசி வழியாகவும் ஆட்களைத் தேடுகிறார்கள்.

பிரியாத துணை

இவர்கள் தனியாக எங்கும் போகக் கூடாது. துணையாளின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். துணை யார் என்பதை அந்த வட்டாரத் தலைவர் முடிவு செய்வார். சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை துணையோ ஊரோ மாறலாம். யூட்டாக்காரனுக்கு ஜப்பானியன் துணையாக வரலாம், பிலிப்பீன்ஸ்காரனும் வரலாம். ஒருவன் பேசிக்கொண்டே இருப்பான், மற்றவன் வாயே திறக்கமாட்டான். ஒருவன் துப்புரவுப் பிரியன், மற்றவன் காலுறையைக் கண்ட இடத்தில் எறிவான். சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு போக வேறு அறை இல்லை. பேசித் தீர்ப்பது ஒன்றுதான் வழி. வகுப்பில் ஒரே பெஞ்சில் இருவரை உட்காரவைத்தாலே எத்தனை முறையீடு வருகிறது என்பதை அறிந்த எனக்கு, மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரிய பயிற்சியாகத் தெரிகிறது.

முன்னே போனவன்

1901-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்தச் சபையின் முதல் ஊழியர்கள் நால்வர் யோக்கோஹாமா துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களில் இளையவர் ஆல்மா டெய்லர். வயது 19. அன்று மொழிப் பயிற்சி நிலையம் ஏதுமில்லை. வந்த இடத்தில்தான் மொழியைக் கற்றார். பிறகு மோர்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் பெயர்க்கும் பணியை 1904-ஆம் ஆண்டில் தொடங்கினார். நூல் 1909-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பையனாக வந்தவர் 1910-ஆம் ஆண்டில் ஊர் திரும்பியபோது முழு மனிதராகியிருந்தார். ஆனால் 1924-ஆம் ஆண்டில் ஜப்பான் ஊழியம் மூடப்பட்டது. அந்த 23 ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் இருநூறு பேர் கூட இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948-ஆம் ஆண்டில்தான் மறுபடி தொடங்கினார்கள்.

எண்ணிக்கை மோகத்தால் வந்த தவறும் உண்டு. 1970-களின் இறுதியில் தோக்கியோவின் ஒரு பகுதியில், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் என்ற கணக்கே முக்கியமாகிப் போனது. ஒன்றும் புரியாமல் அவசரமாகச் சேர்க்கப்பட்டவர்கள் பலர் சீக்கிரமே விலகிப் போனார்கள். கணக்குக் காட்ட வேண்டிய பாரத்தைச் சுமந்த பிள்ளைகளின் மனமும் காயப்பட்டது. ஒரு மனிதனுடைய நம்பிக்கையைத் தொடுவது விளையாட்டல்ல. வேண்டாம் என்பவரை மதித்து விலகத் தெரியாதவன் பிறர் வாசலில் நிற்கத் தகுதியற்றவன்.

திரும்பி வரும் பிள்ளை

2019-ஆம் ஆண்டுக்கு முன்பு இவர்கள் வீட்டாரோடு தொலைபேசியில் பேசுவது கிறிஸ்துமசுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே. மற்ற நாட்களில் கடிதமும் பிறகு மின்னஞ்சலும்தான். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வாரம் ஒருமுறை பேசலாம். அந்த மாற்றத்தை எத்தனை தாய்மார்கள் கண்ணீரோடு வரவேற்றிருப்பார்கள்!

இரண்டு ஆண்டும் முடித்து வருபவனுக்கு விமான நிலையத்தில் பலூனும் பதாகையுமாக வரவேற்பு. ஆனால் எல்லாரும் முடிப்பதில்லை. உடல்நலம் குன்றியோ மனம் சோர்ந்தோ பாதியில் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். "ஏன் வந்துவிட்டான்?" என்று சுற்றத்தார் கேட்கும் கேள்வி, ஜப்பானில் கேட்ட ஆயிரம் மறுப்புகளைவிட அவனைச் சுடும்.

பெற்றோர்களே, நம் பிள்ளைகளும் வெளியூர் போகிறார்கள். ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள், விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறார்கள். மகனோ மகளோ, புறப்படும் முன் சோறு வடிக்கவும் தன் சட்டையைத் தானே துவைக்கவும் பழக்குங்கள். 'இல்லை' என்ற சொல்லை வீட்டிலேயே கொஞ்சம் கேட்டுப் பழகட்டும். கூட இருப்பவனோடு பேசித் தீர்க்கும் குணத்தைச் சொல்லிக்கொடுங்கள். வாரம் ஒருமுறை தவறாமல் பேசுங்கள். பணம் அனுப்பினாயா என்று கேட்கும் முன்பு, சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

எதிர்பாராத ஒரு நாளில், பையைத் தூக்கிக்கொண்டு அவன் பாதியில் வந்து நின்றால், காரணம் கேட்பது பிறகு இருக்கட்டும். முதலில் கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுங்கள். ஊரார் கதவுகள் எத்தனை மூடினாலும் தாங்கிக்கொள்ளும் பிள்ளை, பெற்ற வீட்டின் கதவு மூடினால் தாங்கமாட்டான்.