வழக்குத் தொடராதவருக்குத் தீர்ப்பின் பயன்: புதுச்சேரி விண்ணப்பதாரர் அறியவேண்டியவை

இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் ஒருவர் வெல்லும்போது, அதே தேர்வை எழுதி, அதே நிலையில் நின்று, வழக்குத் தொடராதிருந்த மற்றவருக்கும் அப்பயன் கிட்டுமா என்ற கேள்விக்கு விடை காண, தீர்ப்பில் அடங்கிய இருவேறு கூறுகளைப் பிரித்தறிய வேண்டும். உச்ச நீதிமன்றம் வகுக்கும் சட்டநெறி, அரசமைப்பின் 141ஆம் உறுப்பின்படி நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். ஆனால் பணி நியமனம், முதுநிலை போன்ற நிவாரணம் பெரும்பாலும் வழக்காடியவரையே சேரும்.

புதுச்சேரி அரசின் ஆசிரியர் நியமன வழக்கு இதற்குத் தக்க சான்று. பிற மாநிலங்களிலிருந்து குடிபெயர்ந்த பட்டியல் சாதியினருக்கு அந்த ஒதுக்கீட்டில் இடம் தரலாகாது என்று மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் கூறியதை, 2005 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் மாற்றி, ஒன்றியப் பகுதி மத்திய அரசின் கொள்கையைப் பின்பற்றலாம் என்றது. அந்நெறியை 2009இல் வேறோர் அமர்வு ஏற்க மறுத்தது. டெல்லியைப் பொறுத்து 2018 ஆகஸ்ட் 30 அன்று அரசியல் சாசன அமர்வு நாடு தழுவிய ஒதுக்கீட்டை ஏற்றது. ஆகவே பழைய தீர்ப்பொன்றை நம்பி மனு எழுதுவோர், அது இன்றும் நிலைத்துள்ளதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வது அவசியம்.

நிவாரணத்தைப் பொறுத்தவரை, உத்தரப் பிரதேச வழக்கொன்றில் 2014 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே வழிகாட்டி. ஒத்த நிலையிலுள்ளோரை ஒன்றுபோல் நடத்துவதே பொதுவிதி. அதை மறுப்பது சமத்துவத்தைக் கூறும் 14ஆம் உறுப்புக்கு முரண். எனினும், தமக்கு எதிரான ஆணையை ஏற்று வாளாவிருந்து, பிறர் வென்றபின் விழித்தெழுவோருக்கு இவ்விதி உதவாது. ஒத்த நிலையினர் அனைவருக்கும் பயன் தரும் நோக்குடன், கொள்கை அளவில் வழங்கப்பட்ட தீர்ப்பாயின் அதை எல்லோருக்கும் விரிவுபடுத்துவது அரசின் கடமை. வழக்கு நடத்தப் பொருளற்ற ஏழையைத் தாமதத்துக்காகத் தண்டிக்கும்போது, வாளாவிருந்தோருக்கான அந்த விலக்கு கடுமையானதே. அரசு முன்வந்து ஒரே ஆணையில் அனைவருக்கும் பயன் தருவதே முறை.

புதுச்சேரியின் நெல்லித்தோப்பிலிருந்து அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும் ஒருவர், தீர்ப்பை அறிந்தவுடன் துறைக்குக் கோரிக்கை மனு, அதாவது உரிமையை எழுத்தில் கேட்கும் விண்ணப்பம், அளித்து ஒப்புகை பெற வேண்டும். மதிப்பெண்ணும் தேர்வுப் பட்டியலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழி கிடைக்கும். புதுச்சேரி அரசுப் பணி வழக்குகளை மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு விசாரிக்கிறது. மறுப்பாணை வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள், அல்லது மனுவுக்கு ஆறு மாதம் பதிலில்லையெனில் அதன்பின் ஓராண்டுக்குள், அங்கு முறையிட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் அதை மன்னிக்கலாம். தொடர்ந்து மனு அனுப்புவதால் காலவரம்பு நீளாது: தமிழ்நாட்டின் புவியியல், சுரங்கத் துறை சார்ந்த வழக்கில், பணிநீக்கமாகிப் பல்லாண்டு கழித்து அளித்த மனு காலாவதியான உரிமையை உயிர்ப்பிக்காது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றி, 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ் இலவச வழக்குரைஞரைப் பெறலாம். ஓராண்டுக் காலவரம்பு முடியுமுன் புதுச்சேரி சட்டப்பணிகள் ஆணையத்தை அவர்கள் அணுகட்டும்.