ஜுனைராவுக்குப் பூச்சூட்டியது யார்?

கைப்பேசியில் ‘ஜுனைரா’ என்று தட்டித் தேடினால் நொடியில் பொருள் வந்துவிடும்: சொர்க்கத்தில் பூக்கும் பூ. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ‘வழிகாட்டும் ஒளி’ என்றும் இருக்கும். கூடவே அதிர்ஷ்ட எண், அதிர்ஷ்டக் கல், எந்த நிறம் ராசி என்பதும். அரபுப் பெயர், அழகான பொருள், வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு இருக்காது. பெற்றோர் தேடுகிற மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. குறை ஒன்றுதான். அரபு அகராதியில் அந்தப் பூ இல்லை.

அரபுச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட ஒரு வேரிலிருந்து கிளைப்பவை. வேரைப் பிடித்தால் பொருளின் வட்டாரம் தெரிந்துவிடும். பூவுக்கு ‘ஜஹ்ரா’, அதன் வேர் ஜே, ஹே, ரே. ஜுனைராவில் இருப்பதோ ஜே, நூன், ரே. இந்த எழுத்துகளில் பலரும் அறிந்த சொல் ‘ஜுன்னார்’. பழைய இஸ்லாமிய ஆட்சிகளில் கிறிஸ்தவர்கள் இடுப்பில் கட்டிய கச்சைக்கு அந்தப் பெயர். அதுவும் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ஒளிக்கு ‘நூர்’, அதன் வேர் நூன், வாவ், ரே. இரண்டு எழுத்து ஒத்துப்போவதைப் பார்த்து யாரோ ஒளியைக் கொண்டுவந்து இதில் சேர்த்திருக்கலாம் என்பது என் ஊகம். பூ எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கவும் வழியில்லை.

பெயர் மட்டும் பொய்யல்ல. அது மக்காவில் அடிமையாக இருந்த ஒரு பெண்ணின் பெயர். இஸ்லாத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே அதை ஏற்றதால் சித்திரவதைப்பட்டவர். நபித்தோழர் அபூபக்ர் அவரை விலைக்கு வாங்கி விடுதலை செய்தார். பிலால் உள்பட அப்படி விடுவிக்கப்பட்ட எழுவரில் இவரும் ஒருவர். அந்தச் சமயத்தில் அவருக்குக் கண்பார்வை போயிற்று. லாத், உஸ்ஸா என்ற தெய்வங்களே பார்வையைப் பறித்துவிட்டதாகக் குறைஷிகள் சொன்னார்கள். அந்தச் சிலைகளால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்று அவர் மறுத்தார். பிறகு பார்வை திரும்பியது. இப்னு இஸ்ஹாக் தொகுத்து இப்னு ஹிஷாம் வழியாக நமக்குக் கிடைத்திருக்கும் நபி வரலாறு இப்படிச் சொல்கிறது. சிலைக்கு அந்தச் சக்தி இல்லை என்று சொன்னவரின் பெயருக்கு நேராகத்தான் இன்று அதிர்ஷ்டக் கல் அச்சாகிறது.

அந்த நூலுக்கு 12ஆம் நூற்றாண்டில் விரிவுரை எழுதியவர் அஸ்ஸுஹைலி, ஸ்பெயினின் மாலகா ஊர்க்காரர். இந்தப் பெயரில் அவரும் நின்று யோசித்திருக்கிறார். ‘ஜின்னீரா’ என்று நூனை அழுத்திச் சொல்ல வேண்டும் என்றும், அதன் பன்மை ‘ஜனானீர்’ சின்னஞ்சிறு கற்களைக் குறிக்கும் என்றும் எழுதுகிறார். சிலர் ‘ஜன்பரா’ என்று படிப்பதாகவும் சேர்த்துக்கொள்கிறார். இந்தக் குழப்பம் எப்படி வந்திருக்கும் என்பதை அரபு எழுத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். சொல்லின் நடுவில் வரும் ‘யே’யும் ‘பே’யும் ஒரே வடிவம்: கோட்டிலிருந்து எழும் ஒரு சின்னப் பல். கீழே இரண்டு புள்ளி இருந்தால் யே, ஒரு புள்ளி இருந்தால் பே. நகல் எடுப்பவர் ஒரு புள்ளியை விட்டால் ஜின்னீரா ஜன்பரா ஆகிவிடுவார். உயிர்க்குறிகளைப் பொதுவாக எழுதுவதும் இல்லை. ஆக, ஜின்னீராவா ஜுனைராவா என்பதை வெறும் எழுத்து சொல்லாது. ஓதிக் கேட்டவர்தான் சொல்ல வேண்டும். எண்ணூறு ஆண்டுக்கு முன் ஓர் அறிஞர் இரண்டு வாசிப்புகளையும் எடுத்து வைத்த பெயருக்கு, இன்றைய செயலி தயங்காமல் ஒரே வரியில் பூச்சூட்டுகிறது.

கூழாங்கல் என்று பொருள் இருந்தால் பெயர் வைக்கலாகாது என்பதில்லை. கதீஜா என்ற பெயரை அகராதியில் தேடினால் குறைமாதப் பிறப்பைக் குறிக்கும் வேரில் போய் நிற்கும். அதற்காக யாரும் அந்தப் பெயரை விட்டுவிடவில்லை. வைப்பது அந்த அம்மையாரை நினைத்து. ஜின்னீராவையும் அப்படி வைக்கலாம், தாராளமாக. ஆனால் பூ என்று நம்பி வைத்தவர்களுக்கு அந்தப் பெண்ணின் கதை தெரியாமலே போகிறது. இது சின்ன இழப்பு. பெரிய இழப்பும் உண்டு.

ஃபிர்அவ்னின் மனைவி ஆசியா முஸ்லிம்கள் பெரிதும் போற்றும் பெண். அலிஃபில் தொடங்கி ஸீன் போட்டு எழுதும் பெயர் அது. அரபு வேரில் பார்த்தால் காயத்துக்கு மருந்திடுபவள். ஐனில் தொடங்கி ஸாத் போட்டு எழுதினால் ‘மாறு செய்பவள், கீழ்ப்படியாதவள்’. இரண்டாவது பெயர் வெறும் இலக்கண உதாரணம் அல்ல. உமரின் மகளுக்கு அந்தப் பெயர் இருந்தது. நபிகள் நாயகம் அதை ‘ஜமீலா’ என்று மாற்றினார் என்று ஹதீஸ் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ‘ஆசியா’தான். (கண்டத்துக்கும் அதே எழுத்துகள்.) ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. நபி மாற்றிய பெயரும் போற்றிய பெயரும் நம்முடைய பிறப்புச் சான்றிதழில் ஒன்றாகிவிடுகின்றன. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழையே அரபு எழுத்தில் எழுதிய தலைமுறைக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. அரபுத் தமிழில் ஐன் ஐனாகவும் அலிஃப் அலிஃபாகவும் கண்ணுக்குத் தெரிந்தன.

இதைவிட மோசமானது ‘ஜானியா’. ஸீனில் வரும் ‘ஸனிய்யா’ என்றால் ஒளிமிக்கவள், உயர்ந்தவள். அதே ஓசையில் முதல் எழுத்தை ஜே ஆக்கி, முதல் உயிரை நீட்டி, இரட்டை யகரத்தை ஒற்றையாக்கிச் சொன்னால் ‘விபசாரி’. குர்ஆனின் 24ஆம் அத்தியாயம், இரண்டாம் வசனம் தொடங்குவதே அந்தச் சொல்லில்தான். அமெரிக்காவில் இசட்டில் தொடங்கும் இந்த ஒலி, அரபியோடு சம்பந்தமில்லாமல், பெண்பெயராக வழங்குகிறது. அங்கே கேட்பவருக்கு எதுவும் தோன்றாது. அந்தப் பெயரை எடுத்து ‘அழகானவள்’ என்று பொருள் எழுதி முஸ்லிம் பெயர்ப் பட்டியலில் சேர்ப்பதுதான் வினை. இதில் எண்கணிதமும் கைகொடுக்கும். நம் ஊர் நியூமராலஜிக் கணக்கில் எஸ்ஸுக்கு 3, இசட்டுக்கு 7. கூட்டுத்தொகை சரியாக வரவில்லை என்று எஸ்ஸை இசட் ஆக்கச் சொல்பவருக்கு அரபு தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஊருக்குள் இருக்கும்வரை இதெல்லாம் தெரியாது. வளைகுடாவுக்குப் போனால் தெரியும். அங்கே அடையாள அட்டையில் பெயர் அரபியிலும் இருக்கும். கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்தைப் பார்த்து டைப்பிங் சென்டரில் அரபியில் அடித்துக் கொடுப்பார்கள். அடிப்பவருக்குக் குழந்தையின் தகப்பன் மனத்தில் வைத்திருந்தது ஸீனா ஸாதா என்று எப்படித் தெரியும்? பெற்றோர் சொன்னால் உண்டு. சொல்லத் தெரியாவிட்டால் விரல் போன எழுத்துதான் அட்டையில். அப்புறம் அந்த அட்டையைப் பள்ளியிலும் மருத்துவமனையிலும் அரபு தாய்மொழியாக உள்ளவர்கள் தினமும் வாசிப்பார்கள்.

பொருளைப் போலவே ‘எவ்வளவு பிரபலம்’ என்ற கணக்கையும் சந்தேகிக்க வேண்டும். பெயர்களை உண்மையாகவே எண்ணி வெளியிடும் நாடுகள் உண்டு. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் எண்ணுகிறது. ‘ஆலியா’ அங்கே முதல் 1000 பெயர்களுக்குள் வந்தது 1994இல். அதே பெயருடைய பாடகியின் முதல் இசைத்தொகுப்பு வெளியான ஆண்டு அது. இப்படிக் காரணத்தோடு பேச முடிவது எண்ணிக்கை இருப்பதால். ஆனால் அந்தக் கணக்குக்கும் அடிமட்டம் உண்டு. ஓர் ஆண்டில் 5 குழந்தைக்குக் குறைவாக வைக்கப்பட்ட பெயரை அமெரிக்கப் பட்டியல் வெளியிடாது. இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியலில் 3க்குக் குறைந்தால் இடமில்லை. ஒவ்வொரு எழுத்துக்கூட்டும் தனிப் பெயராக எண்ணப்படும் என்பதால், ஐந்து விதமாக எழுதப்படும் அரபுப் பெயர் ஐந்து இடத்தில் சிதறி, உள்ளதைவிட அரிதாகத் தெரியும். இந்தியாவில் குழந்தைப் பெயர்களை வரிசைப்படுத்தி அரசு வெளியிடும் தேசியப் பட்டியலே கிடையாது. ஆகவே நம் ஊர்ப் பெயருக்கு நேராக ‘பிரபலம் 78 சதவீதம்’ என்று பச்சைக் கோடு தெரிந்தால், அது பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களின் கணக்காக இருக்கலாம், இட்டுக்கட்டியதாகவும் இருக்கலாம். குழந்தைகளை எண்ணி வந்தது அல்ல.

பெயர் அரிதாக அரிதாக ஆபத்து கூடுகிறது. ஃபாத்திமாவுக்கு யாராவது தப்பான பொருள் எழுதினால் திருத்த ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஜுனைராவுக்கு ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து எழுதுவார், பத்து இடத்தில் ஒரே வாசகம் வந்ததும் அது சாட்சியம் போலத் தோன்றும். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுச் சரிபார்த்துவிட்டதாகச் சொல்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: அதுவும் அந்தப் பத்து இடத்தில் படித்துத்தான் பேசுகிறது.

சோதிக்கிற வழி கடினமே இல்லை. பெயரை அரபு எழுத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், பக்கத்துப் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடமோ அரபுக் கல்லூரியில் ஓதியவரிடமோ. அரபு எழுத்து தராத பட்டியலை அங்கேயே மூடிவிடலாம். எழுத்து தெரியாமல் பொருள் சொல்வது முகவரி இல்லாமல் வீடு காட்டுவது போல. எழுத்து கையில் வந்ததும் வேரைக் கேளுங்கள், அந்த வேரில் வரும் வேறு இரண்டு சொற்களைக் கேளுங்கள். அவை நீங்கள் படித்த பொருளுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்றால் சந்தேகம் உறுதி. இப்னு மன்ளூரின் ‘லிஸானுல் அரப்’ போன்ற பெரிய அகராதிகள் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. தேடுவதற்கு அரபு எழுத்து வேண்டும், அவ்வளவுதான்.

அவசரப்பட வேண்டியதும் இல்லை. ஏழாம் நாள் அகீகாவுக்குள் பெயர் வேண்டும் என்ற நெருக்கடியில்தான் பலரும் கைப்பேசியைத் திறக்கிறார்கள். பெயர் முடிவாகாவிட்டாலும் பிறப்பைப் பதிவு செய்துகொள்ளலாம். 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். சேர்த்த பிறகு மாற்றுவதுதான் பாடு. எழுத்துப்பிழை திருத்தம் ஒருவகை. பெயரையே மாற்ற வேண்டுமானால் தமிழ்நாட்டின் எழுதுபொருள் அச்சுத்துறைக்கு விண்ணப்பித்து அரசிதழில் வெளியிட வேண்டும், பிறகு ஒவ்வோர் ஆவணமாக ஏறி இறங்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அதில் தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி பெயர் இருக்கும். இரண்டையும் அரபு எழுத்துச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.