செயின்சோ வாங்க முதல்: அந்த இரும்புப் பல் எதுக்கு?



பற்றரி டூல்ஸ் பற்றிக் கதைச்ச எபிசோட்டில செயின்சோவுக்கு ரெண்டு நிமிஷம்தான் கிடைச்சது. அது ரெண்டு நிமிஷத்தில முடியிற விஷயம் இல்லை. மிச்சத்தை இங்க எழுதுறன்.

ஏன் இப்ப? இலையுதிர் காலம் வந்தால் புயலும் வரும். ஹரோவிலயோ இல்ஃபோர்டிலயோ யாராவது ஒரு மாமாவின்ர பின்வளவில ஒரு மரம் சாயும். ஆள் கூப்பிட்டால் சில நூறு பவுண்ஸ் கேப்பினம். ஒன்லைனில கையடக்கமான மினி செயின்சோ ஒண்டு அதைவிட எவ்வளவோ மலிவு. "நீதானே கம்ப்யூட்டர் படிச்சனி, எது நல்லது எண்டு பாத்துச் சொல்லு" எண்டு மெசேஜ் உங்களுக்குத்தான் வரும். நீங்கள் அனுப்பிற லிங்கை நம்பி ஒரு அறுபது வயசுக்காரர் அதைக் கையில எடுக்கப்போறார். அதனால ஸ்பெக் ஷீட்டை ஒழுங்கா வாசிக்கப் பழகுவம்.

முதலில நாலு சொல்

இங்கிலிஷ் மனுவலில நாலு வேலையைப் பிரிச்சு எழுதியிருப்பினம். ஊரிலயும் நாலுக்கும் தனித்தனிச் சொல் இருக்கு. நிக்கிற மரத்தை விழுத்துறது "தறிக்கிறது". விழுந்த மரத்தில "கொப்பு வெட்டுறது" அடுத்தது. கொப்பு இல்லாத குற்றியை அளவளவாத் துண்டாக்கிறது "அரியிறது". துண்டை விறகாப் பிளக்கிறது "கொத்துறது". இதில அரியிற வேலையைத்தான் இங்கிலிஷில பக்கிங் எண்டு சொல்லுவினம்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் எண்டால், ஆபத்து நாலுக்கும் ஒண்டில்லை. தறிக்கிறது பயிற்சி பெற்ற ஆளின்ர வேலை. தரையில கிடக்கிற குற்றியை அரியிறதுதான் வீட்டுக்காரர் பழகிச் செய்யக்கூடியது. இந்தக் கட்டுரையும் அதைப் பற்றித்தான்.

பக்கிங் ஸ்பைக்

செயின்சோவின்ர நீட்டுத் தகடு பார். அந்த பார் மோட்டர் உடம்போட சேருற இடத்தில, முன்பக்கத்தில, பல்லுப் பல்லா ஒரு இரும்புத் துண்டு இருக்கும். அதுதான் பக்கிங் ஸ்பைக். இங்க வேலை செய்யிற மரக்காரர் சிலர் அதை டோக்ஸ் எண்டும் சொல்லுவினம். அழகுக்கு வைச்ச சாமான் இல்லை. ரெண்டு வேலை செய்யுது.

ஒண்டு, நெம்புகோல். பல்லை மரப்பட்டையில குத்தி நிறுத்தினால் அது ஒரு அச்சு. பின் கைபிடியை மெல்ல உயர்த்தினால் பார் கீழ்நோக்கி மரத்துக்குள்ள இறங்கும். மெஷினின்ர பாரத்தை உங்கட தோள் தாங்கத் தேவையில்லை. அரைவாசி அரிஞ்சதும் மெஷினைக் கொஞ்சம் தளர்த்தி, பல்லை ஒரு படி கீழ குத்தி, திரும்ப உயர்த்துறது.

ரெண்டாவது, பிடி. பாரின்ர கீழ் ஓரத்தில செயின் மெஷின் பக்கமா ஓடுது. அது மரத்தைக் கடிக்கும்போது மெஷினை முன்னுக்கு இழுக்கும். நியூட்டனின்ர மூண்டாவது விதி, வேற ஒண்டும் இல்லை. ஸ்பைக் மரத்தில ஏற்கெனவே பதிஞ்சிருந்தால் அந்த இழுவையை மரமே தாங்கும். பதியாமல் தொடங்கினால் மெஷின் சட்டெண்டு முன்னுக்குப் பாய்ஞ்சு மரத்தில இடிக்கும், நீங்களும் நிலை தடுமாறுவீங்கள்.

பாரின்ர மேல் ஓரத்தால அரிஞ்சால் இது தலைகீழ். செயின் அங்க முன்பக்கமா ஓடுறதால மெஷின் உங்களை நோக்கித் தள்ளும். அப்ப ஸ்பைக் உதவாது. உங்கட கையும் கால் நிலையும்தான்.

பெரிய பல்லு இருந்தால் நல்லதுதானே எண்டு கேப்பீங்கள். அப்படி இல்லை. நீளமான ஸ்பைக் தடிச்ச பட்டை உள்ள பெரிய மரங்களுக்கு. லண்டன் வளவில கிடக்கிற 20 சென்ரிமீற்றர் குற்றிக்கு அது தேவையில்லை. அதோட, ஸ்பைக் எவ்வளவு நீட்டோ அவ்வளவுக்கு பாரின்ர பயன்படுற நீளம் குறையும். சின்னதா ஒரு உலோக ஸ்பைக் காணும். மெல்லிய பிளாஸ்டிக்கில பேருக்கு ஒரு பல்லு வைச்சிருந்தால், அல்லது ஒண்டுமே இல்லை எண்டால், அந்த மெஷின் குற்றி அரிய அல்ல, சின்னக் கொப்பு வெட்டச் செய்தது எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ.

இன்னொண்டு: ஸ்பைக் இருக்கு எண்டு பலமா நெம்பக் கூடாது. கூரான செயின் தானாவே இறங்கும். நெம்பித்தான் இறக்க வேண்டியிருக்கு எண்டால் செயின் மொட்டை. வாற தூளைப் பாருங்கோ. செதில் செதிலா வந்தால் கூர் இருக்கு. மாப்போல வந்தால் அராவிற நேரம் வந்திட்டுது.

புழுவிட்டப் படிச்ச பல்லு

செயினில இருக்கிற வெட்டுப் பல்லுக்கும் ஒரு கதை இருக்கு. 1946இல் அமெரிக்காவின்ர ஒரிகன் மாநிலத்தில ஜோசப் கொக்ஸ் எண்ட மரம் வெட்டுறவர், ஒரு வண்டின்ர புழு மரத்தைத் தின்னுறதைக் கவனிச்சார். அது வலமும் இடமுமா மாறி மாறிக் கடிச்சு, நார் போற பக்கமும் குறுக்காயும் லேசாத் துளைச்சுது. அதின்ர தாடையைப் போல சி வடிவத்தில வலப்பல், இடப்பல் எண்டு மாறி மாறி வைச்சு ஒரு செயின் செய்தார். இண்டைக்கு நீங்கள் வாங்கிற செயினும் அந்த வழிதான். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால ஒரு சின்ன மேடு இருக்கும். பல்லு எவ்வளவு ஆழமாக் கடிக்கலாம் எண்டதை அந்த மேடுதான் தீர்மானிக்குது. அதைக் கண்டபடி அராவினால் செயின் அளவுக்கு மீறிக் கடிக்கும், மெஷின் உதறும்.

ஏன் பயப்பட வேணும்

பாரின்ர நுனியில மேல் கால்வாசிப் பகுதி ஏதாவதில பட்டால், பல்லு வெட்ட இடமில்லாமல் அந்த விசை முழுக்க பாரை மேலயும் பின்னுக்கும் எறியும். இதுதான் கிக்பேக். பல செயின்சோக்களில செயின் செக்கனுக்கு கிட்டத்தட்ட 20 மீற்றர் ஓடும், அதாவது மணிக்கு 72 கிலோமீற்றர். மனிசர் ஒரு விஷயத்தைக் கண்டு கை அசைக்க 0.2 செக்கன் எண்டு வைச்சாலும், அதுக்குள்ள 4 மீற்றர் செயின் ஓடி முடிஞ்சிடும். "கவனமா இருந்தால் சரி" எண்டது இங்க எடுபடாது. ஹார்ட்வேர்தான் காப்பாத்த வேணும்.

அந்த ஹார்ட்வேர் செயின் பிரேக். முன் கைபிடிக்கு முன்னால நிக்கிற தடுப்பு உங்கட கையில பட்டோ, திடீர் அசைவிலயோ முன்னுக்குச் சாய்ஞ்சால் செயின் நிண்டிடும். மலிவு மினி மெஷின்கள் பலதில இது இல்லை. ஒரு கையால பிடிக்கிற மாதிரிச் செய்திருக்கிறதால மற்றக் கை கொப்பைப் பிடிக்கப் போகும், செயினுக்குப் பக்கத்தில. இது ஒண்டே காணும் அந்த லிங்கை அனுப்பாமல் விட.

ஸ்பெக் ஷீட் வாசிக்கிற விதம்

பார் நீளம்: அரியப்போற குற்றியின்ர குறுக்களவை விட ஒரு 5 சென்ரிமீற்றர் கூட இருந்தால் வசதி. வீட்டுப் பாவனைக்கு 30 முதல் 35 சென்ரிமீற்றர் காணும். நீளம் கூடக் கூட நுனி எங்க நிக்குது எண்டு தெரியாது. கிக்பேக் நுனியில வாறதை மறக்காதேங்கோ.

வோல்ற்: இதில மார்க்கெட்டிங் விளையாட்டு இருக்கு. "20 வோல்ற் மெக்ஸ்" எண்டதும் "18 வோல்ற்" எண்டதும் ஒரே பற்றரிதான். ரெண்டிலயும் 5 லித்தியம் செல் தொடரா இருக்கு. முழுசா சார்ஜ் ஏறினதை ஒருத்தர் எழுதுறார், சராசரியை மற்றவர் எழுதுறார். வோல்ற்றை அம்பியர்-மணியால பெருக்கி வாட்-மணி பாருங்கோ. 18 வோல்ற், 5 அம்பியர்-மணி எண்டால் 90. 36 வோல்ற், 5 அம்பியர்-மணி எண்டால் 180. அதுதான் உண்மையான டாங்க் அளவு. அதோட செயின் வேகத்தையும் ஒப்பிடுங்கோ.

பற்றரியா பெற்றோலா: வருஷத்தில ரெண்டு மூண்டு தரம்தான் எடுக்கப்போறீங்கள் எண்டால் பற்றரி. சின்ன டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு பெற்றோலில எண்ணெய் கலக்க வேணும், பெரும்பாலும் 50க்கு 1. 2021 செப்டெம்பரில இருந்து இங்க சாதாரண பெற்றோல் ஈ10; அதில இருக்கிற எதனோல் ஈரத்தை உறிஞ்சும். மாசக்கணக்கா டாங்கில விட்டால் கார்புரேற்றர் மக்கர் பண்ணும். பக்கத்து வீட்டுக்காரரும் பற்றரிக்குத்தான் நன்றி சொல்லுவினம்.

செயின்: பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை மூண்டும் பாரோட பொருந்த வேணும். ஒண்டு பிழைச்சாலும் பூட்டேலாது. பாருக்கு எண்ணெய் தானா வாற வசதி இருக்கா எண்டும் பாருங்கோ.

மரக்காரர் மேல ஏறிப் பாவிக்கிற மேல்-கைபிடி மெஷின் சின்னதா, வடிவா இருக்கும். அது பயிற்சி பெற்ற ஆக்களுக்கு மட்டும். தரை வேலைக்கு பின் கைபிடி மெஷின்தான்.

அரிய முதல் குற்றியைப் படியுங்கோ

ரெண்டு முனையிலயும் தாங்கல் இருந்தால் குற்றியின்ர மேல்பக்கம் நெருங்கி, கீழ்ப்பக்கம் இழுபட்டு இருக்கும். மேல இருந்தே முழுக்க அரிஞ்சால் வெட்டு மூடி பாரை இறுக்கிப் பிடிக்கும். மேல மூண்டில ஒரு பங்கு அரிஞ்சு, பிறகு கீழ இருந்து முடிக்க வேணும். ஒரு முனை அந்தரத்தில தொங்கினால் இது மாறும்: முதல் கீழ, பிறகு மேல. சுருக்கமா, நெருங்கின பக்கம் முதலில, இழுபட்ட பக்கம் கடைசியில.

பழைய மரத்துக்குள்ள ஆணி, கம்பி இருக்கும். வன்னியில எத்தனையோ மரத்துக்குள்ள செல் துண்டு இருக்கிற மாதிரி, லண்டன் மரத்துக்குள்ள வேலிக் கம்பி. ஒரு தரம் பட்டாலே செயின் மொட்டை.

ஏணியில நிண்டு பாவிக்கிறதும், தோளுக்கு மேல தூக்கிறதும் கூடவே கூடாது. ஹெல்மெட், முகத்திரை, காதுக் காப்பு, சப்பாத்து, செயின்சோ ட்ரவுசர் எல்லாம் மெஷினோட சேர்த்துப் போடுற கணக்கு. அந்த ட்ரவுசர் வெட்டுப்படாத துணி இல்லை. உள்ள இருக்கிற நீட்டு நார்கள் பிய்ஞ்சு செயினில சுத்தி அதை நிப்பாட்டும். லேபலில வகுப்பு 1 எண்டால் செக்கனுக்கு 20 மீற்றர் செயின் வேகத்தில சோதிச்சது. பராமரிப்புக்கும் குற்றி அரியிறதுக்கும் சேர்த்து லன்ட்ரா, சிற்றி அண்ட் கில்ட்ஸ் பயிற்சிகள் இருக்கு. மாமாவுக்குப் பிறந்தநாள் பரிசு வேணும் எண்டால் மெஷினை விட அது பெறுமதி.

சட்டமும் இருக்கு

உங்கட வளவு மரம் எண்டாலும் எல்லாம் உங்கட இஷ்டம் இல்லை. மரப் பாதுகாப்பு ஆணை உள்ள மரத்தை அனுமதி இல்லாமல் வெட்டுறது குற்றம். கொன்சர்வேஷன் ஏரியா எண்டால், 1.5 மீற்றர் உயரத்தில 75 மில்லிமீற்றருக்கு மேல தடிப்புள்ள மரத்தில கை வைக்க 6 கிழமைக்கு முதல் கவுன்சிலுக்கு அறிவிக்க வேணும். கவுன்சில் தளத்தில தேடலாம், இல்லையெண்டால் கேட்டுப் பாக்கலாம்.

2025 ஏப்ரலில என்ஃபீல்டின்ர வைட்வெப்ஸ் பார்க்கில பல நூற்றாண்டு பழைய ஓக் ஒண்டை வெட்டினது நாடு முழுக்கச் செய்தியாச்சு. 2023 செப்டெம்பரில சிக்கமோர் கேப் மரத்தை வெட்டின ரெண்டு பேருக்கு 2025இல் நாலு வருஷமும் மூண்டு மாசமும் சிறை. ஒரு மரம் வளர எடுக்கிற காலத்தையும் இந்த மெஷின் எடுக்கிற நிமிஷங்களையும் யோசிச்சுப் பாருங்கோ.

அரிஞ்ச விறகை உடனே எரிக்கிறதும் சரிவராது. லண்டனின்ர பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டு வலயம். திறந்த அடுப்பில விறகு எரிக்க ஏலாது. அனுமதி பெற்ற ஸ்டோவ் வேணும். விறகில ஈரம் 20 வீதத்துக்குக் கீழ வர, கொத்தி அடுக்கி, காத்துப்பட விட்டு ஒரு வருஷத்துக்கு மேல போகும்.

அப்ப மாமாவுக்கு என்ன பதில்? மரம் இன்னும் நிக்குது, அல்லது சுவரிலயோ கூரையிலயோ சாய்ஞ்சு கிடக்குது எண்டால் காப்புறுதி உள்ள மரக்காரரைக் கூப்பிடச் சொல்லுங்கோ. தரையில அமைதியாக் கிடக்கிற குற்றி எண்டால்: பின் கைபிடி, செயின் பிரேக், உலோக ஸ்பைக், 35 சென்ரிமீற்றருக்கு மேற்படாத பார், போதுமான வாட்-மணி. இந்த அஞ்சும் இல்லாத லிங்க் எது வந்தாலும், ஸ்டார் எத்தனை இருந்தாலும், "வேண்டாம் மாமா" எண்டு ஒரு வரி அனுப்பிவிடுங்கோ.