கொப்புள நோயும் குலமும் கிருமியும்

ஆனையூரிலும் அதனை அடுத்த மதுரைச் சமவெளிச் சிற்றூர்களிலும் ஒருவர் உடலிற் கொப்புளம் கண்டால், இல்லத்தார் முதற்கண் எண்ணுவன இரண்டு. ஒன்று அம்மை, மற்றொன்று அக்கி. அம்மையாயின் வாயிலில் வேப்பிலை செருகுவர். அக்கியாயின் குயவர் இல்லம் நாடிச் சென்று, காவிமண் குழைத்து அதன்மேல் எழுதுவிப்பர். அவ்விரு நோயும் பெரும்பாலும் சின்னாளில் தாமே தணியும் இயல்பினவாதலின், வேப்பிலைக்கும் காவிக்கும் புகழ் குன்றுவதில்லை. ஆயின், தாமே தணியாத கொப்புளமும் உண்டு. அது பெரும்பாலும் வாயினுள்ளே ஆறாத புண்ணாய்த் தொடங்கும். வாரங்களோ திங்களோ கழிந்தபின் மார்பிலும் முதுகிலும் தலையிலும் தளர்ந்த கொப்புளங்களாய் எழும், எளிதில் உடையும், உடைந்தவிடம் தோலுரிந்து செந்நிறமாய்க் கிடக்கும். அம்மையென்றும் அக்கியென்றும் கருதிக் காத்திருக்கும் நாட்களில் தோலிழந்த பரப்பு விரிந்து உயிர்க்கே இடர் நேர்தல் கூடும். மருத்துவர் இதனைப் பெம்பிகஸ் என்பர். இந்நோயைக் கண்ட மக்கள், இஃது ஒட்டுமோ என்றும், குலத்திற் தொடருமோ என்றும் அஞ்சுகின்றனர். அவ்விரண்டு அச்சங்களையும் பற்றியே யாம் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பெம்பிகஸ் என்பது கொப்புளம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. நம் மொழியிற் கொப்புளத்தைப் பொக்குளம் என்றும் வழங்குவர். எழுத்து இடம் மாறியும் பொருள் மாறாமையின் இதனை இலக்கணப்போலியோடு ஒப்ப வைக்கலாம். நோய்ப் பெயரிலோ அத்தகைய நெகிழ்ச்சிக்கு இடமில்லை. பெம்பிகஸ், பெம்பிகாய்டு என்னும் இரண்டும் செவிக்கு ஒன்றுபோல் ஒலிப்பினும் வெவ்வேறு நோய்களாம். இவற்றை 1953ஆம் ஆண்டில் வால்டர் லீவர் என்னும் மருத்துவர் தெளிவுறப் பிரித்துக் காட்டினார். முன்னது மேற்றோலின் உள்ளேயே பிளவுண்டாக்குவது. நடுவயதினரையும், நம் நாட்டில் அதனினும் இளையோரையும் பற்றுவது. பின்னது மேற்றோலுக்கும் உட்டோலுக்கும் இடையே பிளப்பது, முதியோர்க்கு வருவது, அதன் கொப்புளங்கள் விறைத்து நிற்பன.

பிளவு யாங்ஙனம் உண்டாகின்றது? மதுரை மல்லிகைச் சரத்தை நோக்குக. பூக்கள் பலவாயினும் நாரினாற் கட்டுண்டு ஒரு சரமாய் நிற்கின்றன. நாரை அறுத்தாற் பூவுக்கு ஊறு இல்லை, சரமோ சிதறிவிடும். மேற்றோலின் உயிரணுக்களும் அத்தகையன. அவற்றை ஒன்றோடொன்று பிணிக்கும் நார்களுள் தலையாயவை டெஸ்மோகிளீன் என்னும் புரதங்கள். அவற்றுள் 3 என எண்ணிடப்பட்டது வாயின் மென்றோலில் மிகுதி. 1 என எண்ணிடப்பட்டது புறத்தோலின் மேலடுக்கில் மிகுதி. கிருமிகளை அழித்தற்கென்றே உடல் ஆக்கும் எதிர்ப்பொருள், இலக்குத் தவறித் தன் உடலின் டெஸ்மோகிளீனையே பகையெனக் கொண்டு பற்றுமாயின், நார் தளர்கின்றது, உயிரணுக்கள் பிரிகின்றன, இடையில் நீர் தேங்குகின்றது. அதுவே கொப்புளம்.

நோயாளரின் குருதியில் இத்தகைய எதிர்ப்பொருள் உண்டென 1964ஆம் ஆண்டில் பியூட்னர், ஜோர்டன் என்னும் இருவர் வெளிப்படுத்தினர். எதிர்ப்பொருள் நோய்க்குக் காரணமோ, நோயின் விளைவோ என்னும் ஐயம் பின்னும் நின்றது. 1982இல் அன்ஹால்ட் என்பவரும் அவர் துணைவரும் நோயாளரின் எதிர்ப்பொருளைப் பிறந்த எலிக்குஞ்சுகட்குச் செலுத்தினர். குஞ்சுகளின் தோலிற் கொப்புளம் எழுந்தது. ஐயம் நீங்கிற்று. இயற்கையும் இதே சோதனையைச் சிலபோது செய்து காட்டுகின்றது. நோயுற்ற தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே கருவிற் புகுதலால், குழந்தை கொப்புளங்களோடு பிறத்தல் உண்டு. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள் சில வாரங்களிற் கரைய, குழந்தையின் தோலும் ஆறிவிடும். குலநோய் பிறந்துவிட்டதென்று அவ்வீட்டார் அழுதல் வேண்டா.

ஒட்டுமோ என்னும் அச்சத்திற்கு இதனுள் விடை அடங்கியுள்ளது. தொடுதலாலோ, ஒரு கலத்தில் உண்ணுதலாலோ எதிர்ப்பொருள் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குச் செல்லாது. ஆதலின் பெம்பிகஸ் தொற்றுநோயன்று. நோயாளர்க்குத் தனிக் குவளையும் தனித் திண்ணையும் வகுப்பது வீண்கொடுமை.

குலம் பற்றிய அச்சம் இத்துணை எளிதில் விடுபடுவதன்று. அதன்கண் ஒரு சிறு உண்மை உண்டு. நம் உயிரணுக்கள் புரதத் துண்டுகளை ஒரு தட்டில் ஏந்தி நோயெதிர்ப்பு அணுக்கட்குக் காட்டுகின்றன. அத்தட்டின் வடிவை வகுக்கும் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் உள்ளன, எச்.எல்.ஏ. என்பது அவற்றின் பெயர். தட்டின் வடிவு மனிதர்க்கு மனிதர் வேறுபடும். சில வடிவுகளில் டெஸ்மோகிளீன் துண்டு நன்கு பொருந்தி அமர்கின்றது. அஷ்கெனாசி யூதருள் பெம்பிகஸ் உற்றாரிடத்தில் டி.ஆர்.பி.1 மரபணுவின் 0402 என்னும் வகையும், இந்தியா, பாகிஸ்தான் முதலிய பிற நாட்டு நோயாளரிடத்தில் டி.க்யூ.பி.1 மரபணுவின் 0503 என்னும் வகையும் மிகுந்து காணப்படுகின்றன. எனினும் இவ்வகைகளை உடையாருள் மிகப் பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுதும் ஒரு கொப்புளமும் தோன்றுவதில்லை. ஒரே குடும்பத்தில் இருவர்க்கு இந்நோய் வருதலும் அரிது. மரபணு நிலம் போன்றது. நிலம் இருத்தலானே பயிர் முளைத்துவிடாது. தமக்கைக்குக் கொப்புள நோய் உண்டென்று தங்கையின் மணப்பேச்சை முறிப்பார்க்கு மருத்துவ நூலில் ஆதாரம் இல்லை. பிறவிக் குருடனைக் கண்ட சீடர் குற்றம் யாருடையதென ஆண்டவரை வினவினர். அவர் அவன்மீதும் அவன் பெற்றோர்மீதும் குற்றம் ஏற்றினாரில்லை. நம் ஊர்த் திண்ணைகளில் அவ்வினா இன்னும் ஓய்ந்தபாடில்லை.

நிலத்தில் விழும் வித்து யாது? பிரேசில் நாட்டு உட்பகுதிகளில், அம்மொழியிற் காட்டுத்தீ எனப் பெயர்பெற்ற ஒருவகைப் பெம்பிகஸ் ஊர்வாரியாகக் காணப்படுகின்றது. அங்குள்ள ஒருவகை மணல் ஈயின் உமிழ்நீர்ப் புரதத்திற்கு எதிராக எழும் எதிர்ப்பொருள், டெஸ்மோகிளீன் ஒன்றையும் பற்றுகின்றதென 2012இல் அறிந்தனர். ஈயைத் தாக்கக் கிளம்பிய படை வீட்டாரையே தாக்கிய கதை இது.

தோலின் மேல் வாழும் நுண்கிருமிகளையும் அறிஞர் இன்று ஆராய்கின்றனர். ஓர் ஊரில் நன்செய்க்கும் புன்செய்க்கும் பயிர் வேறாதல் போல, அக்குளின் ஈரத்திலும் முன்கையின் வறட்சியிலும் முகத்தின் எண்ணெய்ப் பசையிலும் வெவ்வேறு கிருமிக் குடிகள் வாழ்கின்றன. இவற்றுட் பல நமக்குத் தீங்கு செய்வன அல்ல. சில காவலாகவும் நிற்பன. 2013ஆம் ஆண்டில், ஜெர்மனியில் கிரீஷ் ஸ்ரீநிவாஸ் என்பாரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பெம்பிகஸுக்கு உறவான வேறொரு கொப்புள நோயை எலிகளில் உண்டாக்க முயன்றபோது, ஒரே வகை ஊசி போடப்பட்டும் சில எலிகள் நோயுற்றன, சில தப்பின. தப்பியவற்றின் தோலிற் பல்வகைக் கிருமிகள் செழித்திருந்தன. எலியின் மரபணுவும் தோற்கிருமியும் கூடியே நோயை முடிவு செய்தன. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் நோக்கினால் கணக்குச் சரிவரவில்லை. பின்னர் 2023இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்று, பெம்பிகாய்டு உற்ற 200க்கு மேற்பட்ட முதியோரின் தோலை நோயிலாரின் தோலோடு ஒப்பிட்டது. நோயாளர் தோலில் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமி மிகுந்தும், காவற்கிருமிகள் குறைந்தும் இருந்தன.

இந்த ஆரியஸ் கிருமியின் செயல் எம்மை மிகவும் வியப்பிலாழ்த்தியது. கோடையிற் சிறுவர் முகத்தில் எழும் சீழ்க்கொப்புளங்களுட் சிலவற்றில், இக்கிருமி உமிழும் நஞ்சு டெஸ்மோகிளீன் ஒன்றையே கத்தரிக்கின்றது. எதிர்ப்பொருள் தளர்த்தும் அதே நாரைக் கிருமி அறுக்கின்றது! அச்சீழ்க்கொப்புளம் ஒட்டும், பெம்பிகஸ் ஒட்டாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றலாம். ஆயினும், கிருமி மிகுந்ததால் நோய் வந்ததா, நோயால் தோல் கெட்டபின் கிருமி மிகுந்ததா என்பதை மனிதரிடத்தில் இவ்வாய்வுகள் இன்னும் முடித்துக் கூறவில்லை. நற்கிருமித் தைலம் என்று எவரேனும் விற்க வந்தால் வாங்கற்க.

மருத்துவமோ கிருமியாய்வுக்காகக் காத்திருக்கவில்லை. 1950க்கு முன் பெம்பிகஸ் உற்றாருட் பெரும்பாலோர் மாண்டனர். ஸ்டீராய்டு மருந்துகள் வந்தபின் நிலை மாறிற்று. அம்மருந்தை நாளும் பேரளவில் உட்கொண்டதால் வேறு இடர்கள் தொடர்ந்தன. 1984இல் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பஸ்ரிச்சா, குப்தா என்னும் மருத்துவர் இருவர் புதுமுறை ஒன்றை வெளியிட்டனர். திங்கள்தோறும் மூன்று நாள் மட்டும் 100 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மருந்தை நரம்பிற் செலுத்தி, அவற்றுள் ஒருநாள் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ப்பது அது. இந்திய மருத்துவமனைகளில் அம்முறை பரவிப் பல உயிர்களைக் காத்தது. எதிர்ப்பொருளை ஆக்கும் அணுக்குலத்தையே ஒடுக்கும் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தை அமெரிக்க அரசு 2018இல் இந்நோய்க்கு ஏற்றது. அது நம் நாட்டிலும் வழங்கப்படுகின்றது. ஆனையூரார்க்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை அண்மையிலேயே உளது. கொப்புளத்தின் ஓரத்துத் தோலில் அரிசியளவு கிள்ளி எடுத்து, ஒளிவிடும் சாயம் ஏற்றிக் கருவியில் நோக்கின், உயிரணுக்களைச் சுற்றி எதிர்ப்பொருள் வலைபோல ஒளிரும். அக்கியா, அம்மையா, பெம்பிகஸா என்னும் வழக்கு அங்கே தீரும்.

மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை நோயாளரைக் கிடத்துவதே பெரும்பாடு. தோலுரிந்த உடலிற் பருத்தி விரிப்பு ஒட்டிக்கொள்ளும். எடுக்குந்தோறும் புண் கிழியும். கிழிந்த வழியே மேற்சொன்ன ஆரியஸ் புகும். ஆதலின் நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் அவர்களை வாழையிலை பரப்பிய படுக்கையிற் கிடத்துகின்றனர். இலையின் மெழுகுப் பரப்புப் புண்ணைப் பற்றாது, குளிர்ச்சியுந் தரும், அழுக்குற்றால் எறிந்துவிட்டு வேறு விரிக்கலாம். சோழவந்தான் பக்கத்து வைகைப் பாசன வயல்களில் வாழை மிகுதியாக விளைதலின், மதுரையில் இதற்குக் குறைவில்லை.